ஓடும் வண்டியில் பவர் ஸ்டேஷன் சார்ஜ் விட்டு விட்டு நிற்கிறது, மலை இறக்கத்தில் மட்டும் ஒழுங்காக ஏறுகிறது. என்ன காரணம்?

மலைத்திரை:
எல்லோருக்கும் வணக்கம். சேலத்திலிருந்து கல்வராயன் மலை ஊர்களுக்குப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் திரையிடுகிறோம். ஜெனரேட்டர் சத்தத்தில் வசனமே கேட்பதில்லை என்பதால் 1,024 வாட்-ஹவர் லித்தியம் பவர் ஸ்டேஷன் (இன்வெர்ட்டரும் உள்ளேயே இருக்கும், தூக்கிச் செல்லும் பேட்டரிப் பெட்டி) ஒன்று வாங்கினோம். புரொஜெக்டர் 250 வாட், ஸ்பீக்கர் 60, லேப்டாப் 40. இரண்டு மணி நேரப் படத்துக்கு இது போதும்.

சிக்கல் மறுநாள்தான். அடுத்த ஊருக்குப் போவதற்குள் திரும்ப நிரம்ப வேண்டும். ஊரில் மின்சாரம் இருந்தாலும் சாயந்திரம் நிற்குமா என்று சொல்ல முடியாது. அதனால் வண்டியின் 12 வோல்ட் சிகரெட் லைட்டர் பாயின்டில் செருகிவிட்டு ஓட்டுகிறோம். பிஎஸ் 6 டீசல் வண்டி. கிளம்பும்போது டிஸ்பிளேயில் 105 வாட் காட்டுகிறது. கள்ளக்குறிச்சி தாண்டி நான்கு வழிச் சாலையில் சீராகப் போக ஆரம்பித்ததும் 0 ஆகிவிடுகிறது. சில விநாடி கழித்து 90க்கு மேல் வருகிறது, திரும்ப 0. டிஸ்பிளேயில் கார் சின்னம் மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் பக்கம் இறங்கும்போது 105 அப்படியே நிற்கிறது! இரவில் ஹெட்லைட் போட்டு ஓட்டினாலும் ஓரளவு ஏறுகிறது. பியூஸ் போகவில்லை. பிளக்கைத் தொட்டால் சூடாக இருக்கிறது. பவர் ஸ்டேஷன் பழுதா, வண்டி பழுதா?

டைனமோ_சேகர்:
தம்பி, இரண்டும் பழுதில்லை. இறக்கத்தில் ஏறுகிறது, லைட் போட்டால் ஏறுகிறது என்று நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. பழைய வண்டியில் டைனமோ, அதாவது இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், எப்போதும் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். இப்போது வரும் பெரும்பாலான வண்டிகளில் டைனமோவை ஈசியூ (வண்டியின் கணினி) நடத்துகிறது. பேட்டரி நிறைந்திருந்தால், டீசல் மிச்சம் பிடிக்க, சமதளத்தில் வோல்டேஜைக் குறைத்துவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் விடும்போது சும்மா கிடைக்கும் சக்தியை வாங்கிக்கொள்ள 14.5, சில வண்டியில் 15 வரைகூட ஏற்றும். ஹெட்லைட் போட்டால் பல வண்டிகளில் வோல்டேஜை இறக்காது.

மல்டிமீட்டர் வைத்து இரண்டு இடத்தில் அளந்து சொல்லுங்கள். பேட்டரி முனையில் ஒன்று, பவர் ஸ்டேஷனுக்குப் போகும் கேபிள் முனையில் ஒன்று. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும், சும்மா இருக்கும்போது அளந்தால் ஒன்றும் தெரியாது. ஓட்டுபவர் அளக்கக் கூடாது, பக்கத்தில் ஒருவர் உட்காரட்டும்.

மலைத்திரை:
அண்ணே, பேட்டரி முனையிலிருந்து மீட்டர் வயரை உள்ளே நீட்டி அளந்தோம். சமதளத்தில் பேட்டரியில் 12.6, கேபிள் முனையில் 11.6. இறக்கத்தில் 14.7, 13.7. பவர் ஸ்டேஷன் கையேட்டில் கார் இன்புட் 12 வோல்ட்டிலிருந்து, அதிகபட்சம் 8 ஆம்ப் என்று போட்டிருக்கிறது.

ஓம்_விதி:
படம் தெளிவாகிவிட்டது. பேட்டரிக்கும் கேபிள் முனைக்கும் நடுவே 1 வோல்ட் காணாமல் போகிறது. 8 ஆம்ப் ஓட்டத்துக்கு 1 வோல்ட் என்றால் வழியில் 0.125 ஓம் தடை. லைட்டர் பாயின்டுக்குப் போகும் வயர் மெல்லியது, பிளக்கின் ஸ்பிரிங் முனையும் சரியாகப் பிடிக்காது. பிளக் சுடுவது அதனால்தான்.

அப்புறம் நடப்பது இதுதான். சமதளத்தில் 12.6. பவர் ஸ்டேஷன் 8 ஆம்ப் இழுக்கிறது, முனையில் 11.6 ஆகிறது, 12க்குக் கீழே வந்துவிட்டது என்று நிறுத்திக்கொள்கிறது. நிறுத்தியதும் ஓட்டம் இல்லை, இழப்பும் இல்லை, முனையில் திரும்ப 12.6. சரி, வோல்டேஜ் வந்துவிட்டது என்று மறுபடி இழுக்கிறது. நீங்கள் பார்க்கும் மினுக்கல் இந்தச் சுற்றுதான்.

ஆனால் இதைச் சரிசெய்தாலும் உங்கள் வேலை நடக்காது. மொத்தம் 350 வாட், உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 400 என்று வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு 800 வாட்-ஹவர். லைட்டர் பாயின்டில் இடைவிடாமல் 105 வாட் வந்தாலும் இரண்டரை மணி நேர ஓட்டத்தில் கிடைப்பது சுமார் 260. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பாயின்டின் பியூஸ் பொதுவாக 10 அல்லது 15 ஆம்ப்தான். பெரிய பியூஸ் போட்டு இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

ஊர்சுற்றி_வேன்:
நான் என் வேனில் பேட்டரியிலிருந்து 1,000 வாட் இன்வெர்ட்டர் போட்டு, பவர் ஸ்டேஷனின் ஏசி சார்ஜரைச் செருகிவிடுகிறேன். வேலை நடக்கிறது. அப்படிச் செய்யலாமே?

ஓம்_விதி:
நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் 12 வோல்ட்டை 230 ஆக்கும்போது பத்து சதவீதம் போகும், அதைத் திரும்ப டிசி ஆக்கும்போது இன்னொரு பத்து போகும். போதாக்குறைக்குப் பல பவர் ஸ்டேஷன்கள் ஏசியில் முழு வேகத்தில் 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஆப்பில் வேகத்தைக் குறைத்து வைக்க மறந்தால் ஆல்டர்னேட்டரிடமிருந்து 90 ஆம்ப் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். எப்படியும் தடித்த கேபிள் இழுக்கத்தான் வேண்டும். அதை இழுக்கும்போது ஏசி ஆக்காமல் டிசியாகவே வோல்டேஜை மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜரே நேராகப் போடுவது மேல்.

மலைத்திரை நண்பரே, உங்கள் பவர் ஸ்டேஷனில் சோலார் இன்புட் எவ்வளவு?

மலைத்திரை:
12 முதல் 60 வோல்ட், 500 வாட் வரை. பேட்டரியிலிருந்து நேராக சோலார் பாயின்டில் கொடுத்தால் ஆகாதா?

ஓம்_விதி:
12.6 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் அதே 12 எல்லைப் பிரச்சினை. ஆம்ப் அளவும் அந்தப் பாயின்டில் கட்டுப்படும், வோல்ட் குறைந்தால் வாட்டும் குறையும். வோல்டேஜைக் கூட்டித் தரும் கருவி வேண்டும். ஈக்கோஃப்ளோ 800 வாட்டிலும் புளூட்டி 560 வாட்டிலும் இதற்கென்றே ஆல்டர்னேட்டர் சார்ஜர் விற்கின்றன. வேறு எந்த டிசி-டிசி வாங்கினாலும் ஒன்றை மட்டும் பாருங்கள்: உள்ளே இழுக்கும் ஆம்பை நாம் கட்டுப்படுத்த முடிய வேண்டும். சும்மா வோல்டேஜ் மட்டும் ஏற்றும் மலிவுப் பலகையை சோலார் பாயின்டில் மாட்டினால், அந்தப் பக்கம் இருக்கும் எம்பிபிடி (சோலாரிலிருந்து அதிகபட்ச வாட்டை எடுக்கும் சர்க்யூட்) முடிந்த மட்டும் இழுத்துப் பார்க்கும். பலகை சூடாகிச் செத்துவிடும்.

உங்களுக்கு 400 வாட் போதும். வண்டிப் பக்கம் 33 முதல் 36 ஆம்ப். இரண்டரை மணி நேரத்தில் சுமார் 1,000 வாட்-ஹவர், வழி இழப்பு போனாலும் படத்துக்குத் தேவையானது வந்துவிடும்.

டைனமோ_சேகர்:
கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம் தம்பி. பேட்டரியிலிருந்து பின்பக்கம் 5 மீட்டர், போக வர 10. 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் 35 ஆம்பில் 1 வோல்ட் போய்விடும், திரும்பப் பழைய கதை. 16 ஸ்கொயர் எம்எம் செம்பு போடுங்கள், 0.4க்குள் நிற்கும். அலுமினியத்தில் செம்பு பூசிய வயரைச் செம்பு என்று விற்பார்கள். நுனியைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்ப் பியூஸ். அது கருவிக்காக அல்ல, கேபிளுக்காக. எங்காவது உராய்ந்து பாடியில் பட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பைக் கொட்டிவிடும். இன்ஜின் பக்கமிருந்து உள்ளே நுழையும் தகட்டுத் துளையில் ரப்பர் குரோமெட் (துளை விளிம்பு கேபிளை அறுக்காமல் காக்கும் வளையம்) இல்லாமல் கேபிளை விடவே கூடாது. சைலன்சர் பக்கம் போக வேண்டாம். கேபிள் நுனியில் மாட்டும் லக்கை அதற்கான டூல் வைத்து அழுத்துங்கள், சுத்தியால் தட்டுகிற வேலை ஆகாது.

மைனஸ் கேபிளைப் பேட்டரி மைனஸ் முனையில் மாட்டாதீர்கள். அந்த முனையில் சின்னப் பெட்டி போல ஒன்று இருக்கும், பேட்டரிக்கு எவ்வளவு ஆம்ப் போகிறது, வருகிறது என்று ஈசியூவுக்குச் சொல்லும் சென்சார் அது. அதைத் தாண்டி மாட்டினால் கணக்கு தப்பாகும். பக்கத்தில் இருக்கும் பாடி எர்த் போல்ட்டில் மாட்டுங்கள்.

இன்னொன்று. சில டிசி-டிசி, 13 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் இன்ஜின் ஓடுகிறது என்று நம்பும். உங்கள் வண்டியில் ஓடும்போதே 12.6 என்பதால் அது தூங்கிவிடும். சாவி போட்டால் மின்சாரம் வரும் இக்னிஷன் லைனிலிருந்து சிக்னல் வயர் எடுத்துக் கொடுங்கள். வாரண்டி இருந்தால் வேலை தொடங்கும் முன் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலைத்திரை:
மிக்க நன்றி அண்ணே. டைனமோ மேல் 14 வோல்ட் 120 ஆம்ப் என்று இருக்கிறது. படம் ஓடும்போது சார்ஜ் குறைந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைத்தே ஏற்றலாமா?

டைனமோ_சேகர்:
வேண்டாம். 120 என்பது நல்ல ஆர்பிஎம்மில் வருவது. ஐடிலிங்கில், சூடான பிறகு, அதில் பாதி வந்தாலே பெரிது. அந்தப் பாதியில் வண்டிக்கே பெரும்பங்கு போய்விடும். டைனமோவைக் குளிர்விக்கும் விசிறி அதே சுழற்சியில்தான் ஓடுகிறது. மெதுவாகச் சுற்றும்போது அதிகம் இழுத்தால் உள்ளே டயோடு வறுபட்டுப் போகும்.

அதைவிட முக்கியம், பிள்ளைகள் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு மணி நேரம் டீசல் புகையை அவர்கள் மூச்சில் விடக் கூடாது. ஓடும்போது ஏற்றுங்கள், நின்றதும் நிறுத்துங்கள்.

மலைத்திரை:
வேலை முடிந்தது. தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் நீங்கள் சொன்னபடியே இழுத்துக் கொடுத்தார். நான்கு வழிச் சாலையில் பேட்டரியில் 12.6, பின்பக்கம் 12.2. டிஸ்பிளேயில் 385க்கும் 395க்கும் நடுவே நிற்கிறது, மினுக்கல் இல்லை. ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தி லக்குகளைத் தொட்டுப் பார்த்தோம், வெதுவெதுப்புகூட இல்லை. ஆனால் நேற்று மதியம் சாப்பாட்டுக்கு வெயிலில் நிறுத்திவிட்டுக் கிளம்பியபோது அரை மணி நேரம் 0 காட்டியது. வோல்டேஜ் சரியாக இருந்தது.

ஓம்_விதி:
அது சூடு. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யப் பெரும்பாலான கருவிகள் விடாது. மூடிய வண்டி சித்திரை வெயிலில் அதைச் சுலபமாகத் தாண்டும். உள்ளே ஆறியதும் தானாகத் தொடங்கியிருக்கும். டிக்கியில் வைக்காமல் ஏசி காற்று படும் இடத்தில், பின் சீட்டுக்குக் கீழே வைத்துக் கட்டுங்கள். பக்கவாட்டு விசிறித் துளையை மூட்டை மறைக்காமல் பாருங்கள். நிறுத்தும்போது நிழல் கிடைக்கவில்லை என்றால் கருவியை இறக்கிச் சாப்பிடும் இடத்துக்கே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.