படுத்த அரை மணியில் முதுகு கொதிக்கிறது; விரிப்பை மாற்றியும் பலனில்லை

நிலவன்:
வணக்கம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே உடம்புச் சூடு அதிகம். இந்த எட்டு மாதமாகத்தான் தூக்கமே கெட்டுப்போகிறது. படுக்கும்போது மெத்தை ஜில்லென்று இருக்கும், அரை மணி கழித்து முதுகு கொதிக்க ஆரம்பித்துவிடும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து தரையில் போய்ப் படுக்கிறேன். பக்கத்தில் மனைவி நன்றாகப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.

மெத்தை மெமரி ஃபோம், மேலே ஜெல் அடுக்கு. எட்டு மாதத்துக்கு முன் வாங்கியது. முதலில் மைக்ரோஃபைபர் விரிப்பு இருந்தது. அதுதான் காரணம் என்று நினைத்து 1000 த்ரெட் கவுண்ட் பருத்தி சாட்டின் வாங்கினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. மெத்தையையே மாற்ற வேண்டுமா? பெரிய செலவு என்பதால் கேட்கிறேன்.

தறிக்காரன்:
மைக்ரோஃபைபரை விட்டது நல்லது. அது பாலியெஸ்டர். சாதாரண அறைக் காற்றில் பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வைத்துக்கொள்ளும், லினன் சுமார் 12. பாலியெஸ்டர் அரை சதவீதத்தைக்கூடத் தொடாது. வேர்வை போக இடமில்லாமல் தோலிலேயே நிற்கும்.

ஆனால் அந்த 1000 உங்களுக்கு உதவாது. த்ரெட் கவுண்ட் என்பது ஒரு சதுர அங்குலத்தில் பாவும் (நீளவாக்கில் ஓடும் நூல்) ஊடையும் (குறுக்கே ஓடும் நூல்) சேர்த்து எத்தனை இழை என்ற கணக்கு. அவ்வளவு இழை அந்த இடத்தில் அடங்காது. இரண்டு மூன்று புரி சேர்த்து முறுக்கிய நூலில் ஒவ்வொரு புரியையும் தனி இழையாக எண்ணித்தான் அந்த எண் வருகிறது. துணி கனமாக இருக்கும், காற்றுப் போகாது. சாட்டின் நெசவில் ஒரு இழை பல இழைகளைத் தாண்டி மேலேயே மிதந்து போவதால் வழவழப்பு வரும், நெருக்கமும் கூடும். உங்களைப் போன்றவர்களுக்கு பெர்கேல் நெசவு சரி: ஒன்று மேலே, ஒன்று கீழே. 200 முதல் 400 வரை போதும். கையில் எடுத்தால் மொடமொடவென்று இருக்கும், சிலருக்கு அது பிடிப்பதில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நெசவு எவ்வளவு நெருக்கம் என்று கண்ணுக்கே தெரியும்.

அல்லி:
எதையும் வாங்காதீர்கள் தம்பி, முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். எழுந்திருக்கும்போது பனியனில் முதுகுப் பக்கம் நனைந்திருக்கிறதா, நெஞ்சுப் பக்கமா? விரிப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் ஏதாவது உறை போட்டிருக்கிறீர்களா?

நிலவன்:
முதுகுதான் அக்கா, நெஞ்சு காய்ந்தே இருக்கும். உறை இருக்கிறது. குழந்தை எங்களோடு படுப்பதால் மெத்தை வாங்கிய அன்றே தண்ணீர் இறங்காத உறை போட்டுவிட்டோம். மேலே டெர்ரி, அதாவது குளியல் துண்டு போன்ற துணிதான் தெரிகிறது.

அல்லி:
அதைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வழவழவென்று படலம் இருக்கும். மேலே எவ்வளவு நல்ல பருத்தி விரித்தாலும் வேர்வை அந்தப் படலத்தோடு நின்றுவிடும். முதுகு மட்டும் நனைவதால் கோளாறு போர்வையில் இல்லை, அடியில்தான்.

ஜெல்லையும் நம்ப வேண்டாம். அது கொஞ்ச நேரம் சூட்டை வாங்கிக்கொள்ளும். உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் வாங்க முடியாது. அந்த அரை மணிக் கணக்கு இதனால்தான். மெமரி ஃபோம் சூட்டில் இளகுகிற பொருள் வேறு. எடை கூடியவர் இன்னும் உள்ளே அமிழ்வார், பக்கவாட்டிலும் ஃபோம் அணைத்துக்கொள்ளும். உங்கள் மனைவிக்குத் தொந்தரவு இல்லாததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்று இரவு உறையில்லாமல் படுத்துப் பாருங்கள், வேறு எதையும் மாற்றாமல். ஒரே நேரத்தில் நாலு மாற்றம் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. குழந்தையை அந்த மூன்று நாள் தனி விரிப்பில் படுக்க வையுங்கள், மெத்தையில் கறை பட்டால் வாரண்டி போய்விடலாம்.

குறிஞ்சி:
ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். திடீரென்று ஆரம்பித்து, உடை முழுவதும் நனைகிற அளவுக்கு வேர்த்தால், கூடவே காய்ச்சலோ எடை குறைவதோ இருந்தால் அது படுக்கைப் பிரச்சினை இல்லை, மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, மாதவிடாய் நிற்கும் காலம், சில மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் இரவு வேர்வையைத் தரும். என் அம்மாவுக்கு நாங்கள் விரிப்பு மாற்றியே பல மாதம் வீணாக்கினோம்.

நிலவன்:
நன்றி. காய்ச்சல் எதுவும் இல்லை, மாத்திரையும் எடுப்பதில்லை. இன்றோடு மூன்று இரவு முடிந்தது.

அடிப்பக்கம் நீங்கள் சொன்னது போலவே இருந்தது அக்கா. கசக்கினால் சரசரவென்று சத்தம் வந்தது. கழற்றிய முதல் இரவே ஐந்து மணி வரை தூங்கினேன். சூடு முழுக்கப் போகவில்லை, ஆனால் பனியன் நனையவில்லை. இனித் தலைதான் பிரச்சினை, தலையணையும் மெமரி ஃபோம். உறை இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது என்றும் தெரியவில்லை.

அல்லி:
ரொம்ப சந்தோஷம் தம்பி. படலம் உள்ள விரிப்பை மெத்தை முழுக்கப் போடாமல் குழந்தை படுக்கும் இடத்துக்கு மட்டும் போடுங்கள். உங்கள் பக்கம் கனமான பருத்தி உறை போதும், அடிக்கடி துவைத்துக்கொள்ளலாம். துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டாம், இழைமேல் பூச்சாகப் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். தலையணைக்குப் பஞ்சு அடைத்தது ஒன்று வீட்டில் இருந்தால் இன்றைக்கே அதை வைத்துப் பாருங்கள்.

தறிக்காரன்:
மெத்தையின் கீழே கட்டில் பலகை முழுப் பலகையா, இடைவெளி விட்ட சட்டங்களா? முழுப் பலகை என்றால் அடியிலும் காற்று இல்லை. அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பெர்கேல் விரிப்பை அதற்கப்புறம் வாங்கலாம்.

நிலவன்:
முழுப் பலகைதான். வார இறுதியில் மெத்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.