டிசம்பர் இரவுகளுக்குப் படப் புத்தகங்கள்: 2 வயதுக்கும் 5 வயதுக்கும் சேர்த்து எதைத் தெரிவு செய்வது?

மேப்பிள்_இலை, ஸ்கார்பரோ:

வணக்கம். மகனுக்கு 2 வயது, மகளுக்கு 5. இங்கே கன பேர் செய்வதுபோல டிசம்பர் 1 முதல் 24 வரை 24 புத்தகங்களைச் சுற்றி வைத்து, ஒவ்வொரு இரவும் ஒன்றைப் பிரித்து வாசிக்கலாம் என்று யோசிக்கிறம். நாங்கள் சைவம். ஆனால் மகளின் வகுப்பில் கிறிஸ்மஸ், ஹனுக்கா (யூதரின் விளக்குப் பண்டிகை), குவான்சா எல்லாம் கதைப்பினம், வீட்டிலயும் கேட்பா. கடையில் பார்த்தால் முழுக்க மினுக்கமும் சிவப்புத் தொப்பியும்தான். 100 டொலருக்குள் முடிக்க வேணும். பண்டிகைப் புத்தகமா, வெறும் ஸ்னோப் புத்தகமா? எவ்வளவு எழுத்து இருந்தால் இரண்டு பேரும் இருந்து கேட்பினம்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கதைக்காரி:

முதல் சிக்கல் அந்த 24-தான். 2 வயதுப் பிள்ளைக்கு இன்றைக்கு வாசித்ததே நாளைக்கும் வேண்டும், மறுநாளும் வேண்டும். தினம் ஒரு புதுப் புத்தகம் நீட்டினால் ஐந்தாவது நாளே பழையதைத் தேடி அழும். ஆறு புத்தகம் சொந்தமாக வாங்குங்கள், பத்துப் பன்னிரண்டு நூலகத்தில் எடுங்கள், மீதி இரவுகளுக்கு வாசித்ததையே மறுபடி சுற்றி வையுங்கள். பிரிக்கும்போது தெரிந்த அட்டை வெளியே வந்தால் சின்னவன் கத்துகிற கத்தலைக் கேளுங்கள், புதுப் புத்தகத்துக்கு அது கிடைக்காது.

நூலகக் கணக்கில் தடுக்கி விழுபவர்கள் அதிகம். கடன் 3 வாரம் என்றால் டிசம்பர் 1-இல் எடுத்தது 22-இல் திரும்ப வேண்டும். பண்டிகைப் புத்தகத்துக்கு வேறொருவர் ஹோல்ட் (முன்பதிவு) போட்டிருப்பார், புதுப்பிக்க விடாது. அதனால் நூலகப் புத்தகங்களை முதல் 15 இரவுகளுக்கும், சொந்தமானவற்றைக் கடைசிக்கும் வையுங்கள். அக்டோபர் கடைசியிலேயே ஹோல்ட் போட்டுவிடுங்கள். நவம்பர் நடுவில் போனால் பண்டிகை அலமாரி துடைத்தது போல இருக்கும். பனி, குளிர்கால விலங்கு பற்றிய புத்தகங்கள் அப்போதும் கிடைக்கும், அவை வேறு அலமாரி.

பரிசுத் தாளும் டேப்பும் வேண்டாம். நூலகப் புத்தகத்தின் பிளாஸ்டிக் மேலுறையில் டேப் ஒட்டிக்கொண்டால் உரிக்கும்போது உறையும் சேர்ந்து வரும். பழைய சால்வையோ தலையணை உறையோ போதும்.

விலை: கனடாவில் புதிய கெட்டி அட்டைப் படப் புத்தகம் சுமார் 20 முதல் 25 டொலர், போர்டு புக் (உள் பக்கங்களும் தடித்த அட்டையாக இருக்கும் குழந்தைப் புத்தகம்) 10 முதல் 13. ஒன்ராறியோவில் புத்தகத்துக்கு 13 அல்ல, 5 சதவீத வரிதான். மூன்றும் மூன்றுமாக வாங்கினால் 100-ஐத் தொட்டுவிடும், கொஞ்சம் தாண்டவும் செய்யும். கெட்டி அட்டையில் ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் எடுத்தால் சரியாகிவிடும்.

எழுத்தின் அளவைக் கடையிலேயே நின்று பார்த்துவிடலாம். படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். தாளை 16 பக்கமாக மடித்து அச்சடிப்பதால் வரும் கணக்கு அது. தலைப்பு, உரிமைப் பக்கம் எல்லாம் போகக் கதைக்கு ஏறக்குறைய 14 இரட்டைப் பக்கங்கள் மிஞ்சும். நடுவில் ஒரு இரட்டைப் பக்கத்தைத் திறந்து சொற்களை எண்ணி 14-ஆல் பெருக்குங்கள். 10 சொல் என்றால் மொத்தம் 140, 2 வயதுக்குச் சரி. 40 சொல் என்றால் 560, படங்களில் நின்று நின்று வாசித்தால் எட்டுப் பத்து நிமிடம் ஆகும், 5 வயதுக்குச் சரி. 70-ஐத் தாண்டினால் சின்னவன் மடியை விட்டு இறங்கிவிடுவான்.

இருவருக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று வாங்குவதானால் எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே'. 1962-இல் வந்தது, 1963-இல் அமெரிக்காவின் படப் புத்தகப் பரிசான கால்டெகாட் பதக்கம் பெற்றது. பண்டிகையே கிடையாது. சிவப்பு உடுப்புப் போட்ட சிறுவன் பனியில் கால்தடம் பதிக்கிறான், குச்சியால் கோடு இழுக்கிறான், ஒரு பனியுருண்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். தூங்கப்போகுமுன் பையைப் பார்த்தால் வெறுமையாக இருக்கிறது. 2 வயதுக்குக் கால்தடம் போதும். 5 வயதுக்கு அந்தப் பை.

ஒரு எச்சரிக்கை. பெரிய புத்தகத்தின் பெயரையே வைத்துச் சிறிய போர்டு புக் வரும். சிலவற்றில் எழுத்தைக் குறைத்து, படத்தின் ஓரத்தையும் வெட்டியிருப்பார்கள். இணையத்தில் வாங்கினால் பக்க எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய_நூலகர்:

பண்டிகைப் புத்தகம் பற்றி. 'உலகமெங்கும் குளிர்காலப் பண்டிகைகள்' என்று ஒரே அட்டைக்குள் எட்டுப் பண்டிகையை அடைத்த புத்தகத்தை வாங்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம், அதில் ஒரு விளக்கு, ஒரு பலகாரம், சிரிக்கும் ஒரு குடும்பம். பிள்ளைக்கு எதுவும் ஒட்டாது. பண்டிகைக்கு ஒரு கதை என்று எடுங்கள், நான்கு கதை போதும்.

வாங்குமுன் படங்களில் எண்ணிப் பார்க்க வேண்டியவை உண்டு. 5 வயதுப் பிள்ளை எண்ணும், உங்களுக்கு முன்னால் எண்ணும். ஹனுக்கா விளக்குக்கு 9 இடம்: எட்டு இரவுக்கு எட்டு, மற்றவற்றை ஏற்றும் 'ஷமாஷ்' ஒன்று. 7 கிளை விளக்கை வரைந்திருந்தால் அது பழைய எருசலேம் ஆலயத்து விளக்கு, இந்தப் பண்டிகைக்கு உரியது அல்ல. கதையில் மூன்றாம் இரவு என்றால் ஷமாஷோடு சேர்த்து நான்கு சுடர்தான் இருக்க வேண்டும். முதல் இரவே ஒன்பதும் எரிந்தால் வரைந்தவர் கவனிக்கவில்லை. மெழுகுவர்த்தியை வலப்பக்கத்திலிருந்து நிரப்பி, ஏற்றும்போது புதிதாக வைத்ததிலிருந்து இடமிருந்து வலமாகப் போவது வழக்கம். குடும்பம் விளக்குக்குப் பின்னால் நின்று நம்மைப் பார்ப்பதுபோல் வரைந்திருந்தால் இடவலம் மாறித் தெரியும், அது பிழை ஆகாது.

ஹனுக்காவின் தேதி யூத நாள்காட்டியைப் பொறுத்து நகரும். 2026-இல் டிசம்பர் 4 மாலை தொடங்குகிறது, 2027-இல் டிசம்பர் 24 மாலை. அதைப் பார்த்துப் புத்தகத்தை அடுக்குங்கள். குவான்சா டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை. உங்கள் 24 இரவுக்குள் அது வரவே வராது. 1966-இல் கலிபோர்னியாவில் மௌலானா கரெங்கா தொடங்கிய ஆப்பிரிக்க அமெரிக்கர் பண்டிகை, மதப் பண்டிகை அல்ல. அட்டையில் அதை 'ஆப்பிரிக்கரின் கிறிஸ்மஸ்' என்ற பாணியில் விற்றால் கீழே வைத்துவிடுங்கள். 7 மெழுகுவர்த்தி: நடுவில் கறுப்பு, ஒருபுறம் 3 சிவப்பு, மறுபுறம் 3 பச்சை. முதல் நாள் கறுப்பு மட்டும் எரியும்.

பனிப் புத்தகங்களிலும் இந்தப் பிழைகள் உண்டு. பனித்துகளுக்கு ஆறு கைகள், எட்டு அல்ல. பென்குயினும் துருவக் கரடியும் ஒரே பனிப்பாறையில் உட்கார்ந்திருக்கும், ஒன்று தெற்கில் வாழ்வது, மற்றது வடக்கில். கலைமானை மட்டும் விட்டுவிடலாம். ஆண் கலைமான் குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிடும், பெண்ணுக்குத்தான் இருக்கும். சான்டாவின் வண்டியை இழுப்பவை எல்லாம் பெண்கள் என்று மகளிடம் சொல்லுங்கள், வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிவாள்.

இன்னும் இரண்டு. எரிக் கிம்மல் எழுதி ட்ரினா ஷார்ட் ஹைமன் வரைந்த ஹனுக்காக் கதை 'ஹெர்ஷெல் அண்ட் தி ஹனுக்கா காப்லின்ஸ்', 1989. அருமையான புத்தகம், ஆனால் பூதங்கள் மெய்யாகவே பூதங்களாக இருக்கும். மகளுக்குத் தனியாக, பகலில். 'தி போலார் எக்ஸ்பிரஸ்', கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க், 1985: கதையின் முடிச்சே நம்புகிறவருக்கு மட்டும் கேட்கும் மணி. சான்டா உண்மையா என்ற கேள்விக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்று முடிவு செய்த பிறகு அதை எடுங்கள்.

மேப்பிள்_இலை:

நன்றி, நன்றி. பென்குயினைப் போய்ப் பார்த்தன், எங்கட வீட்டுப் புத்தகத்திலயே கரடியோட இருக்குது! இன்னுமொன்று. இங்கிலிஷ் புத்தகத்தைத் தமிழில் சொல்லி வாசிக்கேக்க தடுக்குது. 'பனி' எண்டா மகளுக்கு விளங்குதில்லை, வீட்டில நாங்களும் ஸ்னோ எண்டுதான் சொல்லுறம்.

திண்ணைக்கதை, நியூ ஜெர்சி:

வீட்டில் ஸ்னோ என்றால் புத்தகத்திலும் ஸ்னோதான். தமிழில் பனி என்றால் முதலில் புல்நுனியில் நிற்கும் துளி. முன்பனி, பின்பனி என்று நம் பருவப் பெயர்கள் எல்லாம் அந்தப் பனிதான், மார்கழிக் காலையில் தலையில் துண்டு கட்ட வைப்பது. முட்டளவு கொட்டிக் கிடப்பதற்கு அந்தச் சொல் பிள்ளைக்குப் பொருந்தவில்லை என்றால் அது பிள்ளையின் குற்றமில்லை.

பெயர்ச்சொல் எதுவாகவும் இருக்கட்டும், வினைச்சொல்லைத் தமிழில் விடாமல் பிடியுங்கள். ஸ்னோ கொட்டுது, உதிருது, உறையுது, உருகுது, சறுக்குது, கால் புதையுது. ஒலிகளையும் சேருங்கள்: நடந்தால் நறுக் நறுக், குச்சியை இழுத்தால் சர்ர்ர், மரக்கிளையிலிருந்து விழுந்தால் பொத். இரண்டு நாளில் சின்னவன் பக்கத்தைப் பார்த்ததுமே அந்த ஒலியைச் சொல்லுவான். வரி வரியாக மொழிபெயர்க்க முயன்றால் ஒவ்வொரு பக்கத்திலும் நீங்கள் யோசித்துக்கொண்டு நிற்பீர்கள், பிள்ளைகள் நழுவிவிடுவார்கள். முந்தின நாளே ஒரு முறை புரட்டி, பக்கத்துக்கு ஒரு வினைச்சொல்லை ஒட்டுத் துண்டில் எழுதி ஒட்டுங்கள். நூலகப் புத்தகம் என்றால் திருப்பும்முன் உரித்துவிட மறக்காதீர்கள்.

தமிழில் சொல்லத் தோதான புத்தகம் ஜான் பிரெட்டின் 'தி மிட்டன்', 1989. உக்ரைன் நாட்டுப்புறக் கதை. பாட்டி பின்னிக் கொடுத்த வெள்ளைக் கையுறை பனியில் விழுந்துவிட, ஒவ்வொரு விலங்காக உள்ளே புகுந்துகொள்கிறது. முதலில் அகழெலி, பிறகு முயல், முள்ளெலி, ஆந்தை, பேட்ஜர், நரி, கரடி, கடைசியில் ஒரு சுண்டெலி. பேட்ஜருக்கு வீட்டுத் தமிழில் பெயர் இல்லை, அப்படியே சொல்லுங்கள். 'இன்னும் இடமிருக்கா?' 'வா வா, ஒடுங்கி உட்காரு' என்று ஒரே வசனத்தை ஏழு முறை வைத்துக்கொண்டால் கதை தானே ஓடும். பக்க ஓரத்தில் கையுறை வடிவச் சாளரம் ஒன்று இருக்கும், அடுத்து வரப்போகிற விலங்கு அதில் தெரியும். மகளை அதைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், மகன் உள்ளே இருப்பவற்றைத் தொட்டுக் காட்டட்டும். ஒரே புத்தகம், இருவருக்கும் வேலை. தொடங்குமுன் மிட்டன் என்றால் பெருவிரலுக்கு மட்டும் தனி அறை உள்ள கையுறை என்று அவர்களுடையதையே காட்டிவிடுங்கள். ஐந்து விரல் கையுறையை மனத்தில் வைத்தால் கரடி எப்படி நுழைந்தது என்ற கேள்வி தீராது.

24-இல் நிறுத்தாமல் தைப்பொங்கல் வரை இழுக்கலாமே. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், அச்சிட்டுக்கொள்ளவும் உரிமை உண்டு. நிலை 1 சின்னவனுக்கு, நிலை 2 மகளுக்கு. சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் தமிழ்-ஆங்கில இருமொழிப் புத்தகங்களையும் பாருங்கள்.

குட்டிக்கை:

சின்னவனுக்காக மட்டும். பொத்தானை அழுத்தினால் பாடும் கிறிஸ்மஸ் புத்தகங்களில் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்க வேண்டும், பழைய புத்தகத்தில் அந்தத் திருகாணிதான் முதலில் காணாமல் போயிருக்கும். மினுக்கத் தூள் ஒட்டிய அட்டையை விரலால் இரண்டு முறை தேய்த்துப் பாருங்கள், விரலில் ஒட்டினால் வாயிலும் ஒட்டும். தூக்கிப் பார்க்கும் மடிப்புகள் மெல்லிய தாளில் இருந்தால் ஒரு வாரம் தாங்காது. கிழிந்தால் பின்பக்கம் தாள் டேப் ஒட்டுங்கள், செலோடேப் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும்.

யாராவது ரேமண்ட் பிரிக்ஸின் 'தி ஸ்னோமேன்' சொல்லுவார்கள். 1978, எழுத்தே இல்லாதது, எந்த மொழியிலும் சொல்லலாம். ஆனால் சிறு சிறு கட்டங்களாக வரைந்தது, எட்டி இருந்தால் ஒன்றும் தெரியாது, மடியில்தான் சரி. கிறிஸ்மஸ் தாத்தா 1982-இல் வந்த அனிமேஷன் படத்தில்தான் வருவார், புத்தகத்தில் இல்லை. மகள் தேடுவாள், முன்பே சொல்லிவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் பனிமனிதன் உருகிப்போய்த் தொப்பியும் கழுத்துத்துணியும் கிடக்கும். அதைப் படுக்கப் போகும் நேரத்தில் வாசிக்காதீர்கள், பின்னேரம் வாசியுங்கள். வெளியே ஸ்னோ கிடந்தால் புத்தகத்தை மூடியதும் போய் இன்னொன்று செய்யலாம்.