ஓமோரி: கனவு இழுவையா, இழுவைதான் கதையா?

நாவற்குழி நரி:
ஒருவழியாக ஓமோரியை முடித்தேன். தெரியாதவர்களுக்கு: ஓமோகேட் என்ற ஓவியர் 2014 இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத் தளத்தில் ஆட்களிடம் காசு சேர்த்து, 2020 நத்தார் அன்று வெளியிட்ட ரோல்பிளேயிங் கேம். நாலு வருசமாக வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் சன்னி என்ற பெடியன், கனவில் ஓமோரியாகி, சின்ன வயதுக் கூட்டாளிகளோடு கலர் பென்சில் உலகம் ஒன்றில் திரிகிறான். சண்டையில் தோற்றால் சாவு இல்லை, வாட்டின பாண் துண்டாகிவிடுவார்கள்! இடையிடையே ஒற்றைக் கண்ணோடு ஒரு கறுப்பு உருவம் எட்டிப் பார்க்கும். அந்த இடங்கள் எல்லாம் பிரமாதம். ஆனால் மிகக் கொஞ்சம். காணாமல் போன கூட்டாளி பேசிலைத் தேடப் புறப்பட்ட ஆட்கள் ஸ்வீட்ஹார்ட்டின் கோட்டை, கசினோ, திமிங்கிலத்தின் வயிறு என்று சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பத்து மணித்தியாலத்தை வெட்டி எறிந்திருந்தால் நல்ல பேய்க் கேம்.

கொக்குவில் கோதை:
தம்பி, அந்தக் கனவைக் காண்பது யார் என்று யோசித்தீர்களா? சன்னி. பேசிலைக் கண்டுபிடித்தால் உண்மை வெளியே வந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் கோட்டை வருகிறது, கசினோ வருகிறது, கூட்டாளிகளுக்குப் பேசிலின் நினைப்பே மங்கிப்போகிறது. இன்னொன்று: நிஜ உலகில் பழைய கூட்டாளி கெல் வந்து கதவைத் தட்டும்போது நீங்கள் திறக்காமலே விடலாம். விட்டால் கேம் உங்களைத் திட்டாது, விளையாட இன்னும் கொஞ்சக் கனவைத் தரும். இதைவிடப் பயங்கரமான பேய் வேண்டுமா?

சுன்னாகம் சுண்டெலி:
இந்த வகைக்கு ஓமோரி முதல் ஆள் இல்லை. குழந்தைகளை ஊர் சுற்ற விட்டு அடியில் திகிலை ஒளித்து வைத்தது 1994 இல் ஜப்பானில் வந்த எர்த்பவுண்ட். 2004 இல் வந்த யுமே நிக்கியில் பெட்டை அறையை விட்டே வெளிக்கிடமாட்டாள், முழுக்கக் கனவு. 2015 இல் அண்டர்டேல். யுமே நிக்கியை யாராவது இழுவை என்றார்களா?

ஒரு முறைப்பாடு மட்டும் எனக்கும் உண்டு. சன்னியின் அக்கா மாரி விரித்து வைக்கும் பிக்னிக் விரிப்பில்தான் சேவ் பண்ணலாம். கரண்ட் போகிற ஊரில் இது மகா அநியாயம்.

நாவற்குழி நரி:
யுமே நிக்கியில் சண்டையும் இல்லை, லெவல் ஏற்றும் வேலையும் இல்லை. இதில் ஒவ்வொரு முயல் குட்டியோடும் மல்லுக்கட்ட வேண்டும். தப்பி ஓடுவதைப் பற்றிய கதை என்பதற்காக என்னையும் சேர்த்து ஓட விடுவது என்ன நியாயம்?

கொக்குவில் கோதை:
அந்தச் சண்டைகளில்தான் விசயமே இருக்கிறது. சந்தோசம் கோபத்தை வெல்லும், கோபம் சோகத்தை, சோகம் சந்தோசத்தை. கோபப்பட்டால் அடி பலமாக விழும், ஆனால் உங்கள் தற்காப்பு குறையும். சோகத்தில் அது தலைகீழ்: தற்காப்பு கூடும், வேகம் குறையும். இதைப் பிள்ளை விளையாட்டுப் போல மணிக்கணக்கில் பழக்குகிறார்கள். ஓமோரியின் ஆயுதம் கத்தி என்பதும் நமக்குப் பழகிவிடும். பிறகு நிஜ உலகில் பழைய கூட்டாளி ஓப்ரியோடு தகராறு வருகிறது. அதே சண்டைத் திரை. சன்னியின் கையில் சமையலறைக் கத்தி. வழக்கம் போல அடிக்கும் பொத்தானை அமுக்குகிறோம். ஓப்ரிக்கு உண்மையாகவே வெட்டு விழுகிறது, எல்லாரும் உறைந்து போய் நிற்கிறார்கள். முயல் குட்டிகளோடு அத்தனை முறை மல்லுக்கட்டியிராவிட்டால் அந்தப் பொத்தானை யோசிக்காமல் அமுக்கியிருப்பீர்களா?

மானிப்பாய் வாத்தியார்:
பிள்ளைகள் பக்கத்திலிருந்து ஒரு கதை. மன அழுத்தமும் தற்கொலையும் இதில் வருகின்றன என்று கேமே எச்சரிக்கிறது, சரி. ஆனால் படத்தைப் பார்த்து வாங்குகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளை எச்சரிக்கையை வாசிக்குமா? பூனைக்குட்டியைத்தான் பார்க்கும்.

திகிலும் விளையாட்டும் ஒன்றாக இருப்பது எங்கள் ஆட்களுக்குப் புதுசும் இல்லை. பங்கருக்குள் இருந்து தாயம் விளையாடிய தலைமுறை நாங்கள். ஆனால் எங்களுக்குப் பயம் மேலே இருந்து வந்தது. ஆச்சி சொன்ன முனிகூடப் புளியமரத்தில்தான் இருந்தது. இந்தக் கேம் பயத்தைப் பிள்ளையின் நெஞ்சுக்குள் வைக்கிறது. அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

சுன்னாகம் சுண்டெலி:
எல்லாக் கதையையும் பங்கருக்குள் கொண்டு போகாதீர்கள் சேர். 2009 இல் எனக்கு மூன்று வயது. என் பயம் எல்லாம் உள்ளுக்குள்தான் இருக்கிறது. வெளியே காட்டுவதற்கு ஒரு ஷெல் துண்டுகூட இல்லை, அதனால் வீட்டில் யாரும் நம்புவதும் இல்லை. இப்படி ஒரு கேம் எனக்குத் தேவைப்பட்டது. பன்னிரண்டு வயதுக்கு வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மானிப்பாய் வாத்தியார்:
தம்பி, உள்ளே பயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதை முயல் குட்டிப் படம் போட்டு விற்காதே என்கிறேன்.

நாவற்குழி நரி:
இனிக் கதையின் முடிவைப் பற்றி. விளையாடாதவர்கள் இங்கே நிறுத்துங்கள்.

வயலின் கச்சேரியன்று நடந்த சண்டையில் சன்னி தள்ளியதால் மாரி படியில் விழுந்து இறக்கிறாள். பேசில் உதவியோடு அதைத் தற்கொலை போலக் காட்டுகிறார்கள். கூட்டாளிகள் ஹீரோ (அது ஒருவனின் பெயர்), கெல், ஓப்ரி மூன்று பேரும் நாலு வருசம் அதை நம்பி உடைந்து போகிறார்கள். நல்ல முடிவில் சன்னி ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் உண்மையைச் சொல்ல வாய் திறக்கிறான், அதோடு சரி! அவர்களின் முகத்தைக்கூடக் காட்டவில்லை. பிறகு சன்னியும் பேசிலும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள், பேசிலின் பின்னால் நின்ற கறுப்பு உருவம் மறைகிறது. மறைத்த இரண்டு பேருக்கும் நிம்மதி. ஏமாந்தவர்களுக்கு?

சுன்னாகம் சுண்டெலி:
பன்னிரண்டு வயதில் பயந்துபோய்ச் செய்தது அண்ணை. தூக்குத் தண்டனையா கொடுக்கச் சொல்கிறீர்கள்?

நாவற்குழி நரி:
தண்டனை கேட்கவில்லை. ஹீரோவுக்கு மாரி எவ்வளவு முக்கியம் என்று கதை முழுக்கச் சொல்லிவிட்டு, அவன் பதிலுக்கு ஒரு நிமிசம் ஒதுக்கவில்லை. கசினோவுக்கு மணிக்கணக்கில் நேரம் இருந்ததே.

கொக்குவில் கோதை:
கசினோவுக்காக நான் வழக்காட வரவில்லை, அதைச் சுருக்கியிருக்கலாம். ஆனால் ஹீரோ மன்னித்தான் என்று காட்டினால் மலிவு என்பீர்கள், மன்னிக்கவில்லை என்றால் கொடுமை என்பீர்கள். கேம் முழுக்க இருப்பது சன்னியின் தலைக்குள். அவனால் செய்யக்கூடிய ஒரே வேலை வாயைத் திறப்பது. ஹீரோ என்ன சொல்வான் என்பது ஹீரோவின் பாடு. அதையும் சன்னியின் தலைக்குள் இருந்தே எழுதிவிட்டால் அது இன்னொரு கனவுதானே?

நாவற்குழி நரி:
அப்படிப் பார்த்தால் கடைசியில் அந்தச் சிரிப்பையும் வெட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லுங்கள் அக்கா.