புதுப்பிப்பு: குரோமில் கறுப்புக் கட்டங்கள், ரேம் 3 ஜிபி – இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்

ஸ்க்ரோல் செய்தால் கறுப்புக் கட்டங்கள், ஆறே டேபுக்கு 3 ஜிபி ரேம் என்று முன்பு எழுதியிருந்தேன். இரண்டும் தீர்ந்தன.

கட்டங்களுக்குக் காரணம் பழைய கிராஃபிக்ஸ் டிரைவர் (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்). குரோம் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை (படம், வீடியோ வேலைகளைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும் வசதி) அணைத்து, ரீலாஞ்ச் கொடுத்ததும் மறைந்தன. அது சோதனைக்கு மட்டும்தான்; அப்படியே விட்டால் வீடியோ டிகோடிங் சுமை சிபியு தலையில் விழும், லேப்டாப் சூடாகும். டிரைவரைப் புதுப்பித்து மறுபடி ஆன் செய்தாயிற்று.

ரேமுக்கு ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தி, குரோமின் சொந்த டாஸ்க் மேனேஜரில் மெமரி வாரியாக வரிசைப்படுத்தினால் போதும். ஒரு ஸ்கிரீன்ஷாட் எக்ஸ்டென்ஷன் (குரோமில் நாம் சேர்க்கும் துணை நிரல்) மட்டும் 1.4 ஜிபி, நீக்கியாயிற்று. சந்தேகமிருந்தால் இன்காக்னிட்டோவில் பாருங்கள், அங்கே எக்ஸ்டென்ஷன்கள் இயல்பாகவே ஓடாது.

ரேமைக் குறைக்க கேஷை (பார்த்த பக்கங்களிலிருந்து குரோம் சேமித்து வைக்கும் நகல்கள்) அழிக்கச் சொன்னவர்களுக்கு: அது பெரும்பாலும் டிஸ்கில் இருப்பது, அழித்தால் ரேம் இறங்காது.