அடுத்தவங்க பட்ட கதைய "நான்"னு எழுதலாமா? பாட்ரிசியா மெக்கார்மிக் பத்தி ஒரு சந்தேகம்

லைப்ரரி_டீச்சர்_மஞ்சக்குப்பம்:
கடலூர்ல ஒரு ஸ்கூல்ல லைப்ரரி பாத்துக்கறேன். எட்டாவது பிள்ளைங்களுக்கு மலாலா கதைய தினம் கொஞ்சம் தமிழ்ல சொல்லிட்டு வரேன், நேத்து ஒரு பொண்ணு எழுந்து "டீச்சர், அவங்க கதைன்றீங்க, அட்டைல இன்னொருத்தர் பேரும் இருக்கே"ன்னு கேட்டுட்டா. அந்த இன்னொரு பேரு பாட்ரிசியா மெக்கார்மிக். பெரியவங்களுக்கு 2013ல வந்தது கிறிஸ்டினா லாம்ப் கூட சேந்து எழுதினது, சின்னவங்களுக்குன்னு 2014ல வந்தது இவங்க கூட. இதே மெக்கார்மிக் 2012ல கம்போடியாவுல கெமர் ரூஜ்ன்ற கொடூரமான ஆட்சிகிட்ட இருந்து உயிர் தப்பின ஆர்ன் சோர்ன் பாண்ட் கதைய, முழுக்க அவரே பேசற மாதிரி "நான்"னு எழுதிட்டு, நாவல்னு போட்டு வெளியிட்டாங்க. பட்டது ஒருத்தர், எழுதினது ஒருத்தர், அப்ப அந்த "நான்" யாரு? பொண்ணுக்கு பதில் சொல்லணும், உதவி பண்ணுங்க.

கெடிலக்கரை:
இதுல சந்தேகமே வேணாம் டீச்சர், தப்புதான். வலி அவனோடது, பேரும் ராயல்டியும் இவங்களுது.

முத்தியால்பேட்டை_73:
ராயல்டி யாருக்கு எவ்ளோ போச்சுன்னு பாத்தீங்களா ப்ரோ? தெரியாம அடிச்சு விடாதீங்க. 1975ல கெமர் ரூஜ் வந்தப்போ ஆர்ன் சின்னப் பையன், வாத்தியம் வாசிக்கத் தெரிஞ்சதால உயிரோட விட்டு வச்சாங்க. அந்த வயசுல எந்த முகாம்ல எத்தன நாள், யார் எப்ப செத்தாங்கன்னு கணக்கு வச்சிருக்க முடியுமா? மெக்கார்மிக் அவர்கிட்ட உக்காந்து பேசி, அவர் கூட கம்போடியாவுக்கே போயி, அவர தெரிஞ்சவங்களையும் விசாரிச்சு, அப்பவும் விட்டுப்போன இடத்த கற்பனைல நிரப்பினேன், அதனால இது நாவல்னு வெளிப்படையா சொல்லிட்டாங்க. இதவிட யோக்கியமா என்ன பண்ணணும்? வட கொரியா முகாம்ல இருந்து வந்த ஷின் டாங் ஹ்யூக் கதைய ஒரு பத்திரிகையாளர் நெஜக் கதைன்னே எழுதினாரு, 2015ல ஷின்னே சில பகுதி நான் சொன்ன மாதிரி நடக்கலன்னு ஒத்துக்கிட்டாரு. அந்த தலைவலி இங்க இல்லயே.

கெடிலக்கரை:
சரி ராயல்டி மேட்டர் வாபஸ். ஆனா பாஷைக்கு என்ன சொல்றீங்க? ஆர்ன் அமெரிக்கா போயி கத்துக்கிட்ட உடைஞ்ச இங்கிலீஷ்ல புக்கு முழுக்க எழுதியிருக்காங்க. அந்தப் பையன் அங்க இருந்தப்போ அவங்க பாஷையான கெமர்லதான பேசுனான், கெமர்லதான பயந்தான்? அவன் தாய்மொழில அவன் சரளமா பேசுறவன்யா. திக்கித் திக்கி பேசற பையனா அவன காட்டறது யாரு ஆசைக்கு?

முத்தியால்பேட்டை_73:
இலக்கணம் போட்டு திருத்திப் பாத்தப்போ கதைல இருந்த உயிரே போச்சுன்னுதான் அப்படியே விட்டாங்களாம். நம்மூர்ல வச்சு யோசிங்க, தாழங்குடா ஆயா ஒருத்தங்க சுனாமி பத்தி சொன்னா "ஆழிப்பேரலை எம்மைச் சூழ்ந்தது"ன்னு எழுதினா ஒத்துப்பீங்களா?

கெடிலக்கரை:
ஒத்துக்க மாட்டேன். ஆனா ஆயா பேசறது அவங்க சொந்தத் தமிழ், ரெண்டும் ஒண்ணா?

முத்தியால்பேட்டை_73:
...அது சரிதான். இந்த பாயின்ட் உங்களுக்கு.

தேவனாம்பட்டினம்_வல:
ரெண்டு பேரும் புக்க வச்சு பேசறீங்க, என்னையே வச்சு எழுதுனாங்க, அத சொல்றேன். 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழம, எனக்கு பத்து வயசு. நம்ம மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போனாங்க, எங்க தெருவுல அழாத வீடு கெடையாது. கொஞ்ச மாசம் கழிச்சு பிள்ளைங்க கதைய புக்கு போடறோம்னு ஒருத்தங்க டேப் ரெக்கார்டரோட வந்தாங்க, யாருன்னு வேணாம். நான் நெஜமா ஞாபகம் இருந்தத சொன்னேன். ஓடறப்போ கைல பாதி இட்லி இருந்துது, அத கீழ போடாம மெயின் ரோடு வரைக்கும் ஓடியிருக்கேன். முன்னாடி ஓடுன மாமாவுக்கு லுங்கி அவுந்துடுச்சு, அந்த நேரத்துலயும் நான் சிரிச்சேன். பாட்டிய தூக்கிட்டு வரேன்னு அவரு திரும்பிப் போனாரு, மறுநாள்தான் கெடச்சாரு.

புக்குல இட்லியும் இல்ல சிரிப்பும் இல்ல. "கடல் தாயே, ஏன் எங்களைக் கைவிட்டாய்"னு நான் கரைல நின்னு கேட்ட மாதிரி இருக்கு, கீழ என் பேரு. எங்க குப்பத்துல எவனும் கடல அப்படி கேட்டதில்ல, திட்டுவோம், அடுத்த வாரம் அதுலயே எறங்குவோம். மாமா கடைசியா என்னைய சிரிக்க வச்சாரு, அத எடுத்துட்டாங்க, எனக்கு அவருகிட்ட இருந்து மிஞ்சினதே அதான்.

லைப்ரரி_டீச்சர்_மஞ்சக்குப்பம்:
தம்பி, படிச்சதுக்கப்புறம் என்ன எழுதறதுன்னே தெரியல. அச்சுக்கு போறதுக்கு முன்னாடி உங்களுக்கு படிச்சுக் காட்டினாங்களா?

தேவனாம்பட்டினம்_வல:
இல்ல டீச்சர். அச்சடிச்சு வந்தப்புறம் ஒரு புக்கும் பிஸ்கட் பாக்கெட்டும் குடுத்தாங்க. ஆர்ன் வளந்த ஆளா உக்காந்து சொன்னாரு, மலாலாவுக்கே அந்த சின்னவங்க புக்கு வந்தப்போ 17 வயசு. பத்து வயசுப் பையன்கிட்ட சரியான்னு கேட்டா, பிஸ்கட் குடுத்தா எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுவான்.

முத்தியால்பேட்டை_73:
வல அண்ணே, மன்னிச்சுக்கங்க, நான் புக்கு பக்கமா மட்டும் யோசிச்சுட்டேன். ஆனாலும் கூட சேந்து எழுதறதே தப்புன்னு ஆகாது. எங்க பாண்டி பக்கத்து கிராமத்துல வயல் வேல செஞ்சு, பிரசவமும் பாத்த வீரம்மா, ஜோசியான் ரசீன்ற ஆராய்ச்சியாளர்கிட்ட வருஷக்கணக்கா தன் கதைய சொன்னாங்க. 1995ல பிரெஞ்ச்ல வந்துது, 1997ல இங்கிலீஷ்ல. அதுல அவங்க சிரிப்பு, கிண்டல், பச்சப் பேச்சு எதையும் வெட்டல, அட்டைல முதல் பேரே வீரம்மாதான். அது பெரியவங்க புக்கு. பிள்ளைங்களுக்குன்னு வந்தா மட்டும் ஏன் எல்லாரையும் சாமி படம் மாதிரி ஆக்கிடறாங்கன்னுதான் புரியல.

கெடிலக்கரை:
பிரெஞ்ச் புக்க அவங்க ஊர்ல யாரு படிச்சிருப்பா, அதையும் சொல்லுங்க. பேரு முதல்ல வந்தா போதுமா? சரி, அட்டைல பேராவது ஒழுங்கா இருக்கு, அத ஒத்துக்கறேன். மத்தபடி என் கட்சி மாறல.

லைப்ரரி_டீச்சர்_மஞ்சக்குப்பம்:
கேள்வி கேட்ட அந்தப் பொண்ணு கடலோரத்துல இருக்கற சிங்காரத்தோப்பு. சுனாமி பத்தி வீட்ல யாரும் பேச மாட்டாங்களாம். வல தம்பி, ஒரு நாள் ஸ்கூலுக்கு வந்து பிள்ளைங்க முன்னாடி நீங்களே சொல்ல முடியுமா?

தேவனாம்பட்டினம்_வல:
வரேன் டீச்சர். மதியத்துக்கு மேலதான் முடியும், காலைல ஏலம். யாரும் எழுதிக்க வேணாம், போன்ல எடுக்கவும் வேணாம். லுங்கி அவுந்தத சொல்லுவேன், பிள்ளைங்க சிரிச்சா அதட்டக் கூடாது.