தண்ணீருக்குள் தலைகீழாக நடக்கும் கசகசா வண்டு: நம் கரையில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் உப்பளப் பாத்திகளுக்கு வெளியே, வரப்பை ஒட்டி ஒரு குட்டை உண்டு. மழைத்தண்ணீரும் பாத்தியிலிருந்து கசியும் உப்புநீரும் கலந்து கணுக்கால் ஆழத்துக்கு நிற்கும். முந்தின வருடம் கார்த்திகையில் உள்ளான்களைப் படம் எடுக்கப் போய், அந்த வரப்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பறவை வரவில்லை. காலடியில் பார்த்தால், கசகசா மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி நகர்கிறது. நீந்தவில்லை, நடந்தது. அதுவும் தண்ணீர்ப் பரப்பின் அடிப்பக்கமாக, உத்தரத்தில் பல்லி போவதுபோல, கால் மேலே முதுகு கீழே. வயிற்றில் வெள்ளி பூசியதுபோல ஒரு மினுமினுப்பு.

அந்த மினுமினுப்பு காற்று. வயிற்றிலுள்ள நுண்ணிய மயிர்களுக்கு நடுவே பிடித்து வைத்திருக்கும் காற்றுப்படலம். மூச்சுக்கும் அதுதான், அடியில் மூழ்காமல் பரப்போடு ஒட்டிக்கொண்டு நடக்கவும் அதுதான்.

டீ வடிகட்டியால் அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றினேன். பதினோரு வண்டு கிடைத்தது. 10 மடங்கு கைலென்ஸில் பார்த்தபோது கறுப்பே இல்லை, வெண்கல நிறம். இறக்கை மூடியில் வரிசை வரிசையாகக் குழிகள், ஊசியால் குத்தி வைத்தமாதிரி. கழுத்துப் பட்டையில் ஆழமான பள்ளம். அளந்தால் இரண்டு மில்லிமீட்டர்கூட வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பூச்சி ஆராய்ச்சி செய்யும் நண்பரிடம் எத்தனால் குப்பியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹைட்ரீனிடே குடும்பம், ஆக்தீபியஸ் பேரினம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். இந்தப் பேரினத்தில் சில வண்டுகள் கடலைவிட மூன்று மடங்கு உப்பிலும் வாழும். வெளியே கடலைவிட உப்பேறினாலும் உடம்புக்குள் இருக்கும் திரவத்தை அதைவிட உப்புக் குறைவாக வைத்துக்கொள்ளும் திறமை அவற்றுக்கு இருக்கிறது. சரி, எந்த இனம் என்று கேட்டேன். "பதினொன்றும் பெண். ஆண் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது" என்றார்.

காரணம் இதுதான். வெளிப்பார்வைக்கு அச்சடித்ததுபோல ஒன்றாக இருக்கும் வண்டுகளையும், ஆண் உறுப்பின் வடிவம் பிரித்துக் காட்டிவிடும். ஒவ்வொரு இனத்துக்கும் அதன் வளைவும் நுனியும் வேறு.

பங்குனியில் மறுபடி போனேன். குட்டையே இல்லை. வெள்ளைப் பொருக்கு வெடித்துக் கிடந்தது. அந்த இடத்தில் நின்றபோது வந்த கவலையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த மழை வரை காத்திருந்து, போன மார்கழியில் போனபோது அதே இடத்தில் அதே நடை. இந்தத் தடவை நான்கு ஆண்.

நுண்நோக்கியில் நண்பர் ஓர் ஆணைப் பிரித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இரண்டு மெல்லிய ஊசி, ஒரு துளி நீர், ஒரு மணி நேரம். இவ்வளவு சிறிய வண்டை ஊசியில் குத்த முடியாது. முக்கோணமாக வெட்டிய அட்டையின் முனையில் ஒரு சொட்டுப் பசை வைத்து ஒட்டுகிறார்கள். அதன் கீழே ஊர், தேதி, எந்த மாதிரித் தண்ணீர், எடுத்தவர் எல்லாம் பொடி எழுத்தில். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் வண்டுக்கு மதிப்பே இல்லை என்றார்.

கையில் இருக்கும் பழைய விவரணைகளோடு அந்த உறுப்பு ஒத்துப்போகவில்லை. ஆனால் இது புது இனம் என்று நான் இன்னும் சொல்ல மாட்டேன். அருங்காட்சியகங்களில் இருக்கும், ஏற்கெனவே பெயர் வைத்த இனங்களின் மூல மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். அப்படியும் வேறாக இருந்தால், ஒரே ஒரு வண்டைப் பெயர் தாங்கும் மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, அளவு, நிறம், குழிவரிசை, உறுப்பின் படம் எல்லாவற்றோடும் பெயர் வைத்து வெளியிட வேண்டும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி மாதிரியை இங்கே அதற்கென்று ஒதுக்கிய நிறுவனத்தில் ஒப்படைக்கவும் வேண்டும். இவ்வளவும் முடியாமல் "புதிய வண்டு" என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. உழைக்கிறவர்களுக்கு அது நியாயம் இல்லை.

நம் கரையில் வேறு எங்கே இதைப் பார்த்தீர்கள்? ஊரையும் மாதத்தையும் எழுதுங்கள்.

*

பனைக்குளத்திலிருந்து:

அண்ணே, எங்கள் ஊர்க் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டுதான் அம்மா குடம் நிறைப்பார்கள். முந்தானையால் வடிகட்டும்போது துணியில் பொடிப்பொடியாக வண்டு தங்கும். "தண்ணி நல்ல தண்ணி, அதான் பூச்சி இருக்கு" என்பார்கள். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. உங்கள் பதிவைப் பார்த்ததும் போன வாரம் ஊற்றில் போய்ப் பார்த்தேன். இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி நடக்கவில்லை. பின்னங்கால் இரண்டையும் சேர்த்து உதைத்து விர்ரென்று போகிறது. அப்புறம் மேலே வந்து வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

*

மண்டபத்திலிருந்து:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஐப்பசியில் மழை விட்ட சாயங்காலம், கறுப்புக் காரை வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன். கூரையில் பட்டுப் பட்டென்று ஏதோ விழுந்தது. தூறல் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் கடுகு அளவு வண்டுகள். நாலைந்து தடவை எழும்பி எழும்பி அதே கூரையில் விழுந்தன. பக்கத்தில் நின்ற வெள்ளைக் காரில் ஒன்றுகூட இல்லை. ஏன்?

*

வாலிநோக்கம் பதிவு எழுதியவர்:

மண்டபத்து அண்ணே, அவை உங்கள் காரைக் குளம் என்று நினைத்து இறங்கியிருக்கின்றன. தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிரும். நீர்ப்பூச்சிகள் அதைப் பார்த்துத்தான் தண்ணீரைக் கண்டுபிடிக்கின்றன. பளபளக்கும் கறுப்புக் கூரையிலும் அதே ஒளிதான். பழைய குட்டை வற்றும்போது இவை பறந்துதான் இடம் மாறுகின்றன. அடுத்த தடவை கூரையில் ஒரு பழைய போர்வையைப் போட்டு வையுங்கள், பாவம்.

பனைக்குளத்துத் தங்கச்சி, நீங்கள் பார்த்தது நீச்சல் வண்டுக் குடும்பம், டைட்டிஸ்கிடே. இரண்டு பின்னங்காலையும் ஒருசேரத் துடுப்புப் போடுவதும், பின்பக்கத்தை நீட்டி இறக்கை மூடிக்குள் காற்று நிரப்புவதும் அதன் வழக்கம். என் குட்டை வண்டு தலைப்பக்கத்தால் காற்றெடுக்கும். இரண்டும் வேறு வேறு குடும்பம். ஆனாலும் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், மணலில் ஊறும் நல்ல தண்ணீரில் இருக்கிறதென்றால் அதை அவசியம் பார்க்க வேண்டும்.

*

இராமநாதபுரத்திலிருந்து:

சக்கரக்கோட்டை கண்மாயில் நானும் டீ வடிகட்டி போட்டுப் பார்க்கலாமா?

*

வாலிநோக்கம் பதிவு எழுதியவர்:

வேண்டாம் தம்பி. அது பறவைகள் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. கரையில் உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள், அதுவே போதும்.

*

பனைக்குளத்திலிருந்து:

அண்ணே, ஊற்றுக்கு உறை இறக்கி மூடி போடலாம் என்று தெருவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வருவதானால் சீக்கிரம் வாருங்கள்.

*

வாலிநோக்கம் பதிவு எழுதியவர்:

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன் தங்கச்சி. முதல் குடம் மொள்வதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்க விடச் சொல்லுங்கள். தட்டும் வடிகட்டியும் நானே கொண்டு வருகிறேன்.