காப்புக்காலம் தீர்ந்த நூலுக்கு என்ன பெயர்?

கொடைக்கானல், திங்கள்

நூலக வருடல் (ஸ்கேன்) கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பதிப்புரிமைக் காப்பு முடிந்து எவரும் பயன்படுத்தலாம் என்ற நிலை, அதாவது ‘பப்ளிக் டொமைன்’ என்பதற்கு மட்டும் சொல் அமையவில்லை. ‘பொதுவுடைமை’ என்றால் கட்சிதான் நினைவுக்கு வரும். வரைவில் ‘நாட்டுடைமை’ என்று போட்டிருந்தோம், அது பிழை. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து அரசு செய்வது நாட்டுடைமை. நமக்கு வேண்டியது காலம் தானாகத் தீர்வதைக் குறிக்கும் சொல். பாரதிதாசன் மறைந்தது 1964 ஏப்ரல் 21. நாட்டுடைமை ஆகாதிருந்தால், 1965 சனவரி 1 முதல் 60 ஆண்டு எண்ணி, 2024 டிசம்பர் 31 வரை காப்பு இருந்திருக்கும். மறைந்த நாளிலிருந்தே எண்ணி ஏப்ரலில் வலையேற்றிவிடுவதுதான் அடிக்கடி நேரும் தவறு.

கோத்தகிரி, திங்கள் இரவு

‘மன்றுடைமை’ எனலாம். குறுந்தொகை 87இல் ‘மன்ற மராஅத்த’ என்று வருவது ஊர்ப் பொதுவிடத்து மரம். ஒன்று கன்னடத்தில் ஒந்து ஆவதுபோல மன்று மந்து ஆகும். தோடர் ஊரை மந்து என்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே வேர். நம் மலையிலேயே உயிரோடு இருக்கும் சொல் ஐயா, இதை விடலாமா?

பழனி, செவ்வாய்

வேர் சரி. படிப்பவருக்கு நீதிமன்றமும் ரசிகர் மன்றமும்தானே தோன்றும்? ‘உடைமை’யும் வேண்டாம், இது யாருக்கும் உடைமையாகாத நிலை. ‘காலாவதி’ என்றால் மருந்துக்கடை வாடை. இங்கே சஷ்டிக்குக் காப்புக் கட்டுகிறோம், விழா முடிந்ததும் அவிழ்க்கிறோம். ‘காப்பு அவிழ்ந்த நூல்’ என்றால் பாட்டிக்கும் புரியும். கையில் கட்டுவதும் நூல்தான்.

குன்னூர், செவ்வாய் மாலை

எந்தச் சொல்லானாலும் ‘நூல்’ ஒட்டக்கூடாது. படமும் ஒலிப்பதிவும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. 1950இல் வெளியான புகைப்படத்துக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு, 2010 இறுதியோடு தீர்ந்தது. 2012 திருத்தத்துக்குப் பின் புகைப்படத்துக்கும் எடுத்தவர் ஆயுளும் 60 ஆண்டும். மொழிபெயர்ப்பில்தான் பலர் வழுக்குகிறார்கள்: மூலத்துக்குக் காப்பு தீர்ந்திருக்கும், ஆனால் மொழிபெயர்த்தவர் 1990இல் மறைந்திருந்தால் அவர் பங்கு 2050 இறுதிவரை கட்டுண்டிருக்கும். இருவர் சேர்ந்து எழுதியதானால் கடைசியாக மறைந்தவரை வைத்து எண்ணுங்கள்.

இந்த 60ஏ நீளம் என்பேன். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை கேட்பது 50தான். 1941இல் மறைந்த தாகூரின் காப்பு தீரும் வேளையில், 1992இல், நாம் பத்தைக் கூட்டினோம். அந்தப் பத்தாண்டில் மறுபதிப்பில்லாமல் செல்லரித்த நூல்களை யார் மீட்பது? ஆகவே ‘இழந்த’, ‘காலாவதியான’ என்ற தொனியே சொல்லில் வரவேண்டாம்.

கொடைக்கானல், புதன்

‘அவிழ்ந்த’ படிவக் கட்டத்தில் கவிதையாக நிற்கிறது. ‘காப்பு நீங்கியது’ என்று போடுகிறேன். நூல், படம், ஒலி மூன்றுக்கும் பொருந்தும். பக்கத்திலேயே ‘நீங்கிய ஆண்டு’ என்றொரு கட்டம். நால்வர் சரி என்றுவிட்டார்கள்.

கோத்தகிரி, புதன் இரவு

அச்சுக்கு அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் ‘நீங்கியது’ என்பது போனதைத்தான் சொல்கிறது, பிறகு அது யாரிடம் வந்தது என்று சொல்லவில்லை. அதைச் சொல்வது மன்று. சொல்லடைவில் ஒரு வரியாவது கொடுங்கள்.